எதைச் சுமப்பது, எதை விட்டுச் செல்வது: நிலவுப் பயணத்தின் எடைக் கணக்கு

1969 ஜூலை 16 அன்று புளோரிடாவிலிருந்து கிளம்பிய அப்பல்லோ 11 நான்கே நாளில் நிலவில் இறங்கிவிட்டது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3 இறங்குவதற்கு 40 நாட்கள் ஆயின. அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, அதாவது சந்திரயானுக்கு நான்கு வாரம் கழித்துப் புறப்பட்ட ரஷ்யாவின் லூனா-25, ஐந்தே நாளில் நிலவின் சுற்றுப்பாதையை எட்டியது. இந்த நாட்கணக்கைக் கொண்டு எந்த நாட்டின் தொழில்நுட்பம் முன்னேறியது என்று ஒப்பிட்டவர்கள் அப்போது பலர் இருந்தனர். அந்த ஒப்பீடு பிழையானது. நிலவுக்குச் செல்லும் கலம் எந்த வழியில், எத்தனை நாளில், எத்தனை துண்டுகளாகப் பிரிந்து செல்ல வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது எடை. குறிப்பாக, அது சுமந்தாக வேண்டிய உந்துபொருளின் எடை. கடந்த அறுபது ஆண்டுகளில் நிலவை நோக்கி வகுக்கப்பட்ட உத்திகள் ஏறக்குறைய எல்லாமே, எந்தச் சுமையை எந்த இடத்தில் கழற்றி வைப்பது என்ற கேள்விக்கான வெவ்வேறு விடைகளே. இன்று நடக்கும் போட்டியையும் இந்தியா அடுத்து எடுக்கவேண்டிய முடிவுகளையும் புரிந்துகொள்ள இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே நல்லது.

ராக்கெட்டில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் முடுக்குவதற்கு எரிபொருள் வேண்டும்; அந்த எரிபொருளும் எடைதான் என்பதால் அதை முடுக்க மேலும் எரிபொருள் வேண்டும். இந்தச் சுழலை 1903இல் ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி ஒரே சமன்பாட்டில் அடக்கினார். எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகத்துக்குச் சமமான வேக மாற்றம் கலத்துக்குத் தேவைப்பட்டால், தொடக்க எடை இறுதி எடையைப் போல் 2.7 மடங்கு இருக்க வேண்டும். இரு மடங்கு வேக மாற்றத்துக்கு 7.4 மடங்கும், மூன்று மடங்குக்கு 20 மடங்கும் தேவை. வேகத்தின் தேவை கூட்டலாக ஏறும்போது எடையின் தேவை பெருக்கலாக ஏறுகிறது.

திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் கிரையோஜெனிக் எஞ்சினில் வாயு வினாடிக்கு ஏறத்தாழ 4.4 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது, சாதாரண வெப்பநிலையில் பல மாதம் சேமித்து வைக்கக்கூடிய ஹைட்ரசீன் வகை உந்துபொருள்களில் அது 3.1 கி.மீ. அளவில்தான் இருக்கும். பயணத்தின் தேவைகளோ இவை: பூமியின் தாழ்ந்த சுற்றுப்பாதையை அடைய, காற்றின் தடையும் ஈர்ப்பினால் ஏற்படும் இழப்பும் சேர்த்து, வினாடிக்கு 9 கி.மீ.க்கு மேல், அங்கிருந்து நிலவை நோக்கிப் பாய 3.1 கி.மீ.; நிலவின் சுற்றுப்பாதையில் அமர 0.85 கி.மீ.; இறங்க 1.9 கி.மீ.; திரும்ப மேலேற அதே அளவு; நிலவை விட்டுப் பூமிக்குக் கிளம்ப 0.9 கி.மீ. இவற்றைச் சமன்பாட்டில் இட்டால், பூமியின் சுற்றுப்பாதைக்கு ஏறிய ஒவ்வொரு 5 டன்னிலும் ஒரு டன்தான் நிலவின் தரையைத் தொடும் என்று தெரிகிறது. காலித் தொட்டிகள், எஞ்சின்கள் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தால் அந்த ஒரு டன்னும் குறைந்துவிடும்.

1961இல் ஜான் கென்னடி நிலவில் மனிதனை இறக்கும் இலக்கை அறிவித்தபோது, நாசாவில் பலருக்கும் இயல்பாகத் தோன்றிய வழி நேரடிப் பயணம்: ஒரு பெரிய கலம் நேராகச் சென்று நிலவில் இறங்கி, அதே கலம் திரும்பி வரும். அதற்கு நோவா என்ற பெயரில், பின்னாளில் உருவான சாட்டர்ன்-5ஐயும் விஞ்சிய ராக்கெட் ஒன்று காகிதத்தில் வரையப்பட்டிருந்தது. சாட்டர்ன் ராக்கெட்டுகளை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரானின் குழு வேறு வழியை விரும்பியது. இரண்டு சாட்டர்ன்களை ஏவி, பூமியின் சுற்றுப்பாதையில் பாகங்களை இணைத்துக்கொண்டு புறப்படலாம் என்பது அவர்களின் எண்ணம். லாங்லி ஆய்வு மையத்தின் பொறியாளர் ஜான் ஹூபோல்ட் மூன்றாவது வழியை வலியுறுத்தினார். தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒரு சிறு கலம் மட்டும் பிரிந்து இறங்கி, வேலை முடிந்ததும் மேலேறித் தாய்க்கலத்தோடு இணைய வேண்டும் என்பது அது. இந்த எண்ணம் உக்ரைனில் பிறந்த யூரி கொந்த்ராத்யுக் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்ததுதான் என்றாலும், அதை நாசாவின் மேல்மட்டம் செவிமடுக்கும்படி செய்தது ஹூபோல்ட்டின் பிடிவாதம். 1961 நவம்பரில் அவர் தம் மேலதிகாரிகளைத் தாண்டி, நாசாவின் இணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கு நேரடியாக நீண்ட கடிதம் எழுதினார்.

அவர் சொன்னதன் வலிமை எண்களில் இருந்தது. பூமியின் காற்றுமண்டலத்தில் நுழைவதற்கான கனத்த வெப்பக் கவசத்துடன் கூடிய கூண்டு நிலவின் தரையில் எதற்கும் பயன்படாது. அப்படிப்பட்ட ஒரு டன் கூண்டை நிலவில் இறக்கி, மறுபடி ஏற்றி, பூமிக்கு அனுப்ப வேண்டுமானால், மேலே சொன்ன வேகங்களின்படி, நிலவை நோக்கிப் பாயும்போது அதற்காக 6 டன் சுமக்க வேண்டும். அதே கூண்டை நிலவின் சுற்றுப்பாதையிலேயே நிறுத்திவிட்டால் 2 டன்னுக்கும் குறைவாகவே போதும். சதுரகிரி ஏறுபவர் இரவுத் தங்கலுக்கான மூட்டையை அடிவாரத்தில் வைத்துவிட்டுப் பூசைப் பொருளை மட்டும் எடுத்துச் செல்வது போன்ற எளிய அறிவுதான் இது. ஆனால் அன்றைக்கு அதை ஏற்பது எளிதாக இருக்கவில்லை. விண்ணில் இரண்டு கலங்கள் சந்தித்து இணைவது அதுவரை பூமிக்கு அருகில்கூட நிகழ்ந்ததில்லை. ஜெமினி 8இல் நீல் ஆம்ஸ்ட்ராங் முதல் இணைப்பைச் செய்தது 1966 மார்ச்சில்தான். மூன்றே முக்கால் லட்சம் கி.மீ. தொலைவில் இணைப்பு தவறினால் மீட்பதற்கு வழியே இல்லை. இருந்தும் 1962 ஜூனில் ஃபான் பிரான் தம் குழுவின் முந்தைய நிலைப்பாட்டைக் கைவிட்டு ஹூபோல்ட்டின் வழியை ஆதரித்தார். ஜூலையில் நாசா அதை அறிவித்தது.

அந்த ஒரு முடிவிலிருந்துதான் அப்பல்லோவின் மற்ற வடிவங்களெல்லாம் கிளைத்தன. நிலவில் இறங்கும் கலம் காற்றையே சந்திக்கப்போவதில்லை என்பதால் அதற்கு வழவழப்பான உருவமும் வெப்பக் கவசமும் தேவைப்படவில்லை. மெல்லிய அலுமினியத் தகடுகளால் அதைக் கட்டினார்கள். வீரர்கள் நின்றபடியே ஓட்டினார்கள்; இருக்கைகளின் எடைகூட மிச்சம். அதன் கீழ்ப்பாதி நிலவிலேயே விடப்பட்டது. ஏறத்தாழ 2,900 டன் எடையோடு கிளம்பிய சாட்டர்ன்-5இலிருந்து கடைசியில் கடலில் வந்து விழுந்தது ஏறத்தாழ 5 டன் கூண்டு மட்டுமே. மற்ற அனைத்தும் வழியில் எரிந்தன அல்லது கழற்றிவிடப்பட்டன. சோவியத் யூனியனும் தன் மனிதப் பயணத்துக்கு நிலவுச் சுற்றுப்பாதையில் பிரிந்து இணையும் முறையையே தேர்ந்தெடுத்திருந்தது. 1969 முதல் 1972 வரை அதன் என்-1 ராக்கெட் நான்கு முறையும் தோல்வியடைந்ததால் அந்தத் திட்டம் முடங்கியது.

சாட்டர்ன்-5 போன்ற ஒரு ராக்கெட் இல்லாதவர்கள் என்ன செய்வது? சந்திரயான்-3 சுற்றிச் சுற்றிச் சென்றதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் எல்விஎம்3 ராக்கெட்டால் 3,900 கிலோ எடையுள்ள கலத்தை நேரடியாக நிலவை நோக்கி எறிய முடியாது. பூமிக்கு அருகில் ஏறத்தாழ 170 கி.மீ., தொலைவில் 36,500 கி.மீ. என்ற நீள்வட்டப் பாதையில் அதை விட முடியும். அந்தப் பாதையின் அண்மைப் புள்ளியில் கலம் வினாடிக்கு ஏறத்தாழ 10.3 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. நிலவைத் தொடத் தேவையான வேகம் அதைவிட 0.7 கி.மீ. மட்டுமே அதிகம். அதாவது, பெரும் பகுதி வேலையை ராக்கெட் முடித்துவிட்டது. எஞ்சியதைக் கலத்தின் சொந்த எஞ்சின் செய்ய வேண்டும்.

அந்த எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன். ஏறக்குறைய 45 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசைதான் அது. 3,900 கிலோ கலத்தை அது வினாடிக்கு 0.7 கி.மீ. முடுக்க வேண்டுமானால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிய வேண்டும். ஆனால் எரிபொருள் மிகுந்த பலன் தருவது அண்மைப் புள்ளியின் அருகில்தான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால், ஏற்கெனவே வேகமாகப் பாயும்போது சேர்க்கும் ஒவ்வொரு கூடுதல் மீட்டரும் அதிக ஆற்றலைத் தருகிறது. மெதுவாக நகரும் தொலைப் பகுதியில் எரித்தால் அதே எரிபொருள் பெரிதும் வீணாகும். கலமோ அண்மைப் பகுதியைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு சுற்றிலும் அண்மைப் புள்ளிக்கு வரும்போது சிறிது நேரம் எரித்து, தொலைப் புள்ளியைப் படிப்படியாக உயர்த்தினார்கள். ஐந்தாம் உயர்த்தலுக்குப் பின் அது 1,27,000 கி.மீ.யைத் தாண்டியது, ஆகஸ்ட் 1 அன்று ஆறாவது எரிப்பு கலத்தை நிலவை நோக்கித் திருப்பியது. நிலவைச் சென்றடைந்ததும் இதே கணக்கைத் தலைகீழாகச் செய்து, ஆகஸ்ட் 5 முதல் 16 வரை பாதையைச் சுருக்கினார்கள். இந்தப் பொறுமையின் மற்றொரு பலன், ஒவ்வொரு சுற்றிலும் கலத்தைச் சோதித்துப் பார்க்கவும் சிறு பிழைகளைத் திருத்தவும் அவகாசம் கிடைத்தது. 2013இல் மங்கள்யானின் ஒரு பாதை உயர்த்தல் எதிர்பார்த்த அளவு அமையாதபோது, மறுநாளே துணை எரிப்பு ஒன்றால் அதைச் சரிசெய்ய முடிந்தது அந்த அவகாசத்தால்தான்.

இன்னும் அதிக நாட்களைச் செலவிட்டு இன்னும் அதிக எரிபொருளை மிச்சப்படுத்தும் வழிகளும் உண்டு. தென்கொரியாவின் தனூரி கலத்தின் எடை வடிவமைப்பின்போது திட்டமிட்டதைவிடக் கூடி 678 கிலோவானது. கலத்தைக் குறைக்க முடியாததால் பாதையை மாற்றினார்கள். 2022 ஆகஸ்டில் ஏவப்பட்ட அது நிலவின் பக்கம் செல்லாமல் சூரியனின் திசையில் ஏறத்தாழ 15 லட்சம் கி.மீ. வரை விலகிச் சென்று, அங்கே சூரிய ஈர்ப்பு தன் பாதையை வளைத்துத் தர, டிசம்பரில் நிலவின் அருகே மிகக் குறைந்த சார்பு வேகத்தில் வந்து சேர்ந்தது. வேகம் குறைவாக இருந்ததால் நிலவின் பிடியில் அமர்வதற்குச் சிறிதளவு எரிபொருளே தேவைப்பட்டது. ஜப்பானின் ஹிட்டென் கலம் 1991இல் இவ்வகைப் பாதையின் முன்னோடி. கணிதவியலாளர் எட்வர்ட் பெல்பிரூனோவின் பங்கு அதில் முதன்மையானது. ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 வேறு விதமான சிக்கனத்தைக் காட்டியது: 7 கிராம் எடையைத் தாங்கும் அளவே விசை தரும் அயனி எஞ்சினைக் கொண்டு, 82 கிலோ செனான் வாயுவோடு, 2003 செப்டம்பரில் தொடங்கிப் பதின்மூன்று மாதங்களுக்கு மேல் பூமியைச் சுற்றிச் சுற்றி விரிந்து நிலவை அடைந்தது. இந்த வழிகள் கருவிகளுக்கும் சரக்குக்கும் பொருந்தும். மனிதர்களுக்குப் பொருந்தாது. மனிதர் இருக்கும் ஒவ்வொரு நாளும் உணவு, நீர், காற்று என எடை கூடுகிறது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களை மீண்டும் மீண்டும் கடப்பது உடலுக்குத் தீங்கு. ஆகவே ஆட்கள் விரைவு வழியிலும் சரக்குகள் மெதுவான வழியிலும் செல்லும் இருவகைப் போக்குவரத்தே நிலையான நிலவுத் திட்டம் எதற்கும் இயல்பான அமைப்பாக இருக்க முடியும்.

எந்த வழியில் சென்றாலும் கடைசிக் கட்டத்தில் சலுகை கிடையாது. நிலவில் காற்றில்லை, பாராசூட் உதவாது, சுற்றுப்பாதை வேகமான 1.7 கி.மீ. முழுவதையும் எஞ்சினால் மட்டுமே கரைக்க வேண்டும். சந்திரயான்-2இன் லேண்டர் 2019 செப்டம்பரில் விழுந்ததற்கு இஸ்ரோ தந்த விளக்கம் படிப்பினை மிகுந்தது: எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றே அதிக விசை தந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றைத் திருத்த லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருள் அதற்கு வரம்பு விதித்திருந்தது, 500 மீட்டர் பக்கமுள்ள சிறு சதுரத்துக்குள்தான் இறங்க வேண்டும் என்ற கட்டளையோ அதை மேலும் வேகம் கூட்டத் தூண்டியது. சந்திரயான்-3இல் இறங்கும் பரப்பை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக விரித்தார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களை வலுப்படுத்தினார்கள், லேசர் கொண்டு வேகத்தை நேரடியாக அளக்கும் கருவியைச் சேர்த்தார்கள். நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சினை நீக்கினார்கள். எடையின் ஒவ்வொரு கிராமும் விலைமதிப்புள்ள இடத்தில், தவறினாலும் தாக்குப்பிடிக்கும் வசதிக்காக எடையைச் செலவிட முன்வந்த துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் குழுவின் லேண்டர், ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு 69 பாகை தென் அட்சரேகையில் நின்றது. நான்கு நாள் முன்பு லூனா-25 இறங்கும் கட்டத்தையே எட்டவில்லை. 84 வினாடி எரிய வேண்டிய அதன் எஞ்சின் 127 வினாடி எரிந்து, கலம் நிலவில் மோதியிருந்தது.

இனி இன்றைய மனிதப் பயணத் திட்டங்களுக்கு வருவோம். அமெரிக்காவின் ஓரியன் கலம் அப்பல்லோ கூண்டைவிடப் பெரியது, கனமானது. ஆனால் அதைச் செலுத்தும் பகுதி சுமக்கும் உந்துபொருள் 8 டன்னுக்குச் சற்று மேல்தான். அப்பல்லோவில் அது ஏறத்தாழ 18 டன். விளைவாக, ஓரியனால் நிலவின் தாழ்ந்த சுற்றுப்பாதைக்குள் சென்று மறுபடி வெளியேற முடியாது. அதனால்தான் நிலவின் ஒரு துருவத்துக்கு அருகே 3,000 கி.மீ. வரை நெருங்கி, மறுபுறம் 70,000 கி.மீ. வரை விலகி, ஆறரை நாளுக்கு ஒருமுறை சுற்றும் விசித்திரமான நீள்பாதையை, மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் தேர்ந்தது. 25 கிலோ எடையுள்ள கேப்ஸ்டோன் என்ற சிறு கலம் 2022 நவம்பரில் அதில் அமர்ந்து, அந்தப் பாதையின் தன்மையைச் சோதித்தது. இந்தப் பாதை பூமியோடு தொடர்பு அறுபடாமல் இருக்க உதவும், தென்துருவத்தை நெடுநேரம் பார்க்கும் என்றெல்லாம் அதன் சிறப்புகளைச் சொல்கிறார்கள், அவை உண்மைதான். ஆனால் அதன் விலையை மறைக்கக் கூடாது. தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து இறங்கி ஏற வினாடிக்கு 3.8 கி.மீ. போதும் என்றால், இந்த உயர்பாதையிலிருந்து 5.5 கி.மீ. வேண்டும். ஓரியன் சுமக்காத பாரம் இறங்கு கலத்தின் தலையில் ஏற்றப்பட்டது.

அந்தப் பாரத்தைத் தூக்க, 2021 ஏப்ரலில் நாசா 289 கோடி டாலர் மதிப்பில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப்பைத் தேர்ந்தது. 2023 மே மாதம் ப்ளூ ஆரிஜினுக்கும் இறங்கு கல ஒப்பந்தம் அளித்தது. நிலவுக்கான ஸ்டார்ஷிப் பூமியின் சுற்றுப்பாதையில் தொடங்கி, நிலவில் இறங்கி, மறுபடி மேலேறும் வரை ஒரே கலமாக 9 கி.மீ.க்கு மேற்பட்ட வேக மாற்றத்தைச் செய்ய வேண்டும். மீத்தேன் எஞ்சினின் வாயு வேகத்தை 3.7 கி.மீ. என்று கொண்டால், கிளம்பும்போது அதன் எடை கடைசி எடையைப் போல் 12 மடங்கு இருக்க வேண்டும். விண்ணுக்கு ஏறும்போதே தன் எரிபொருளைத் தீர்த்துவிடும் கலம் அது. எனவே பூமியின் சுற்றுப்பாதையில் வைத்து ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட உந்துபொருளை, டேங்கர் கலங்களை அடுத்தடுத்து ஏவி, மறுபடி நிரப்பியாக வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட ஏவுதல்கள் தேவை என்பது பொதுவான மதிப்பீடு. ஹூபோல்ட் சுமையைக் குறைத்தார். ஸ்பேஸ்எக்ஸ் சுமையை ஏற்றுக்கொண்டு அதை வழியில் நிரப்பிக்கொள்ளப் பார்க்கிறது. மறுமுறை பயன்படும் ராக்கெட்டால் ஏவுதல் மலிவாகும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் காலக்கெடுக்களும் உறுப்புகளும் பலமுறை மாறியுள்ளன. என்ன மாறினாலும், விண்ணில் எரிபொருள் நிரப்பும் வித்தை கைவந்தால்தான் இந்த வழி நடக்கும்.

அந்த வித்தை எளிதன்று. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 பாகை செல்சியசிலும், மீத்தேன் மைனஸ் 161 பாகையிலும், ஹைட்ரஜன் மைனஸ் 253 பாகையிலும் கொதிக்கின்றன. சூரிய ஒளியும் பூமியின் வெப்பமும் படும் தொட்டிக்குள் அவை இடைவிடாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எடையற்ற நிலையில் திரவம் தொட்டியின் அடியில் தங்காமல் மிதப்பதால், குழாய்க்குள் திரவம் செல்கிறதா, வாயு செல்கிறதா என்பதையே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. மெல்லிய முடுக்கம் ஒன்றைத் தொடர்ந்து கொடுத்துத் திரவத்தை ஒரு பக்கம் ஒதுக்குவது ஒரு வழி. 2024 மார்ச்சில் ஸ்டார்ஷிப்பின் மூன்றாம் பறத்தலின்போது ஒரே கலத்தின் இரு தொட்டிகளுக்கிடையே திரவத்தை மாற்றும் சோதனை செய்யப்பட்டது. கலத்திலிருந்து கலத்துக்கு நூற்றுக்கணக்கான டன்னை மாற்றுவது அதைவிடப் பன்மடங்கு கடினமான காரியம்.

சீனா இந்தச் சூதாட்டத்தைத் தவிர்த்திருக்கிறது. 2030க்குள் நிலவில் மனிதரை இறக்கும் அதன் திட்டத்தில் லாங் மார்ச்-10 ராக்கெட் இருமுறை ஏவப்படும்: ஒன்றில் மெங்சோ என்ற ஆட்கலம், மற்றொன்றில் லான்யூ என்ற இறங்கு கலம். இரண்டும் நிலவின் சுற்றுப்பாதையில் சந்தித்து இணையும். அடிப்படையில் இது ஹூபோல்ட்டின் வழியே. 2020இல் சாங்'இ-5 நிலவின் 1,731 கிராம் மண்ணைக் கொண்டுவந்தபோதும், 2024இல் சாங்'இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் கொண்டுவந்தபோதும், ஏறு கலம் நிலவின் சுற்றுப்பாதையில் தானியங்கியாகத் தாய்க்கலத்தோடு இணைந்தது. ஒரு டன் மண் கொண்டுவர வேண்டிய தேவை ஏதும் அப்பயணங்களுக்கு இல்லை. அந்தச் சிறு சுமைக்கு நேரடித் திரும்பலே போதுமாயிருந்திருக்கும். சோவியத் லூனா-16 1970இல் அப்படித்தான் 101 கிராம் கொண்டுவந்தது. சீனா கடினமான வழியைத் தேர்ந்தது, மனிதப் பயணத்துக்குத் தேவைப்படும் இணைப்புத் திறனை முன்கூட்டியே பழகிக்கொள்வதற்காக என்றே நான் கருதுகிறேன்.

பூமியிலிருந்து சுமக்காமல் நிலவிலேயே உந்துபொருளைத் தயாரிக்க முடிந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். அந்த நம்பிக்கைக்கு உயிர் கொடுத்ததில் சந்திரயான்-1க்குப் பெரும்பங்கு உண்டு. 2008இல் மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய அக்கலத்தில் பயணித்த நாசாவின் கனிமவரைவுக் கருவி, நிலவின் மேற்பரப்பில் நீர், ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டது. 2018இல் அதே தரவுகளை ஆராய்ந்தவர்கள் துருவ நிழற்பகுதிகளில் பனிக்கட்டி மேற்பரப்பிலேயே இருப்பதற்கான சான்றைக் காட்டினார்கள். 2009 அக்டோபரில் நாசா எல்கிராஸ் பயணத்தில் ஒரு ராக்கெட் கட்டத்தைக் கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டு, எழும்பிய புழுதியில் எடையளவில் ஏறத்தாழ 5.6 விழுக்காடு நீர் இருப்பதாக மதிப்பிட்டது. நிலவின் அச்சு ஒன்றரை பாகை மட்டுமே சாய்ந்திருப்பதால் துருவப் பள்ளங்களின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயில் பட்டதே இல்லை.

ஆனால் அந்தப் பனியைக் கையிருப்பாக எண்ணித் திட்டம் தீட்டுவது அவசரம். எந்த ஆழத்தில், எந்த வடிவில், எவ்வளவு செறிவாக அது இருக்கிறது என்று ஒருவரும் தோண்டிப் பார்த்ததில்லை. அதைத் தேடவென்றே உருவாக்கப்பட்ட வைப்பர் என்ற உலாவி, கட்டி முடித்த பிறகு 2024 ஜூலையில் நாசாவால் கைவிடப்பட்டு, பின்னர் 2025இல் ப்ளூ ஆரிஜினின் லேண்டரில் அனுப்பலாம் என்று உயிர்ப்பிக்கப்பட்டது. மைனஸ் 200 பாகைக்கும் கீழே, வெயிலே இல்லாத இடத்தில் தோண்டி, உருக்கி, வடித்து, மின்னாற்பகுத்து, திரவமாக்க வேண்டும். ஒரு டன் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கவே குறைந்தது 4,400 யூனிட் மின்சாரம் வேண்டும். சந்திரயான்-3இன் லேண்டரும் உலாவியும் பதினான்கு நாள் நீளும் நிலவின் இரவைத் தாண்டி விழிக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தகைய தொழிற்சாலைக்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவு விளங்கும். பனியைவிட மண்ணே நம்பகமானது என்பது என் எண்ணம். நிலவு மண்ணின் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன். அது பள்ளங்களில் மட்டுமல்லாமல் எங்கும் கிடைக்கிறது. மீத்தேன் எஞ்சினில் உந்துபொருளின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான் என்பதால், அதை மட்டும் அங்கேயே எடுத்துக்கொண்டு மீத்தேனைப் பூமியிலிருந்து கொண்டுசென்றாலே சுமை பெருமளவு குறையும்.

செவ்வாய்க்குச் செல்லும்போது இந்தக் கேள்விகள் வேறு உருவம் எடுக்கின்றன. பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து செவ்வாயை நோக்கிப் பாய, நிலவுக்குத் தேவைப்படுவதைவிட வினாடிக்கு ஏறத்தாழ அரை கி.மீ. மட்டுமே கூடுதல் வேகம் வேண்டும். அங்கே மெல்லிய காற்றுமண்டலம் இருப்பதால் வரும் வேகத்தின் பெரும்பகுதியை வெப்பக் கவசமும் பாராசூட்டும் கரைத்துவிடும். ஒரு கருவியைத் தரையிறக்குவதற்கு எரிபொருள் அளவில் செவ்வாய் நிலவைவிட மலிவான இடம் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சுற்றுப்பாதையில் அமரும் கலங்களுக்கு இந்தச் சலுகை முழுமையாகக் கிடைப்பதில்லை. மங்கள்யானின் 1,337 கிலோவில் 852 கிலோ உந்துபொருளாக இருந்தது அதனால்தான். இடர் திரும்பி வருவதில் இருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பு நிலவைப் போல் இரு மடங்குக்கு மேல். புறப்படும் வாய்ப்பு 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். நான்கு பேரை அங்கிருந்து மேலேற்ற ஏறத்தாழ 25 டன் ஆக்சிஜன் வேண்டும் என்று நாசா கணிக்கிறது. செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் உலாவியில் இருந்த மாக்சி என்ற கருவி 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து 122 கிராம் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். அதே கருவி இடைவிடாமல் இயங்கினாலும் 25 டன்னுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வேதியியல் நிரூபணமாகிவிட்டது, நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய ஆலையும், அதற்கான மின்சாரமும், ஆட்கள் போய்ச் சேரும் முன்பே அது தானாக இயங்கித் தொட்டிகளை நிரப்பிவைக்கும் நம்பகத்தன்மையும் இனிமேல்தான் வரவேண்டும்.

இந்தியாவின் நிலை என்ன? 2040இல் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்கும் இலக்கு 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை சந்திரயான்-4க்கு 2,104 கோடி ரூபாயும், தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 30 டன் தூக்கும் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 8,240 கோடி ரூபாயும் ஒதுக்க ஒப்புதல் தந்தது. நிலவின் மண்ணைக் கொண்டுவரவுள்ள சந்திரயான்-4இன் பாகங்கள் இரண்டு எல்விஎம்3 ராக்கெட்டுகளில் ஏறி, பூமியின் சுற்றுப்பாதையில் ஒன்றிணைந்து புறப்படும். பின்னர் நிலவின் சுற்றுப்பாதையிலும் ஓர் இணைப்பு நிகழும். ஃபான் பிரான் முதலில் விரும்பிய வழியும் ஹூபோல்ட்டின் வழியும் ஒரே பயணத்தில் சேர்கின்றன. அதற்கான முதற்படியாக, 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் என்ற இஸ்ரோவின் இணைப்புச் சோதனையின் இரு சிறு கலங்கள் 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. இந்த வரிசை சரியானது. பெரிய ராக்கெட் கிடைக்கும்வரை காத்திராமல், இருக்கும் ராக்கெட்டைக் கொண்டு இணைப்புத் திறனை வளர்ப்பதே அறிவுள்ள வழி.

ஆனால் மனிதப் பயணத்துக்கு இணைப்பு மட்டும் போதாது. 30 டன் தூக்கும் ராக்கெட்டால், கிரையோஜெனிக் கட்டம் ஒன்றைக் கொண்டு நிலவை நோக்கி அனுப்பக்கூடியது 12 டன் அளவில்தான் இருக்கும். அப்பல்லோ 45 டன்னுக்கு மேல் அனுப்பியது. சீனா இரு ஏவுதல்களில் ஐம்பது டன்னைத் தாண்டப்போகிறது. ஆகவே இந்தியாவுக்கு நான்கைந்து ஏவுதல்கள் தேவைப்படும். அவற்றுக்கிடையே நாட்களோ வாரங்களோ கழியும். முதலில் ஏறிய கட்டத்தின் ஹைட்ரஜன் அதற்குள் ஆவியாகிக்கொண்டிருக்கும். ஸ்பேடெக்ஸ் போல ஒரு சோதனை இந்தச் சிக்கலுக்கும் வேண்டும். எல்விஎம்3இன் கிரையோஜெனிக் மேற்கட்டம் செயற்கைக்கோளை விட்ட பின் பயனற்றுப் போகிறது. அதில் சிறிது திரவத்தை மீதம் வைத்து, வெப்பத் தடுப்புப் போர்வையும் அளவுமானிகளும் பொருத்தி, சில நாட்கள் சுற்றவிட்டு, எவ்வளவு ஆவியாகிறது, எஞ்சியதை வேறொரு தொட்டிக்கு மாற்ற முடிகிறதா என்று அளந்துவிடலாம். மகேந்திரகிரியின் சோதனைக் கூடங்களில் பல பத்தாண்டுகளாகக் கிரையோஜெனிக் எஞ்சின்களை எரித்துப் பழகிய கைகள் நம்மிடம் இருக்கின்றன. அந்தத் துறையிலேயே வளர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரி முதல் இஸ்ரோவின் தலைவராக இருக்கிறார். சந்திரயான்-4 புறப்படுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், புதிய ராக்கெட்டின் மேற்கட்டத்தை விண்ணில் காத்திருக்கும் வகையில் வடிவமைக்க அதன் அளவீடுகள் உரிய காலத்தில் கைக்கு வரும்.